பறவைகளின் அரைவைப்பை

அரைவைப்பை என்பது பறவைகளின் உணவுப்பாதையில் அமைந்துள்ள, தடித்த தசைச்சுவர் கொண்ட இரைப்பைப் பகுதியாகும். பறவைகளுக்குப் பற்கள் இல்லை. மனிதன் வாயில் செய்யும் மெல்லும் வேலையை அவற்றின் வயிற்றில் இவ்வுறுப்பு செய்கிறது. விழுங்கப்பட்ட தானியம், விதை, நத்தை, பூச்சி முதலியவை இதில் நசுக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, பின்னர் சிறுகுடலுக்குச் செல்கின்றன. கோழி, வாத்து, வான்கோழி, காடை ஆகியவற்றின் அரைவைப்பை உலகின் பல நாடுகளில் விரும்பி உண்ணப்படும் உணவும் ஆகும். மண்புழு, கரப்பான்பூச்சி, சில மீன்கள், முதலைகள் ஆகியவற்றிலும் இதே வேலையைச் செய்யும் உறுப்புகள் உள்ளன.

பெயர்கள்

பாடநூல்களில் அரைவைப்பை என்று குறிக்கப்படும் இவ்வுறுப்பைத் தமிழ்நாட்டுக் கோழிக்கடைகளில் மாங்காய் அல்லது கோழி மாங்காய் என்பர். ஆங்கில வழக்கில் இது கிஸ்ஸர்ட். தெலுங்கில் கந்தனகாய என்றும், வங்காளத்தில் கிலா என்றும் வழங்குகிறது. இந்தி, உருது மொழிகளில் வழங்கும் சங்தானா என்னும் சொல் கல் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. சப்பானியர் இதை சுனாகிமோ, அதாவது மணல் ஈரல் என்கின்றனர். செருமானிய மொழியில் இதற்குத் தசை இரைப்பை என்று பொருள்படும் பெயர் உண்டு. கல், மணல், தசை என்று இப்பெயர்கள் குறிக்கும் மூன்றும் சேர்ந்தே இவ்வுறுப்பை இயக்குகின்றன.

அமைப்பு

கோழி கொத்தித் தின்னும் தானியம் முதலில் கழுத்தின் அடியில் உள்ள தீனிப்பையில் சேர்ந்து ஊறுகிறது. அங்கிருந்து இரைப்பைக்குச் செல்கிறது. பறவையின் இரைப்பை இரு பகுதிகளைக் கொண்டது.

முதற்பகுதி சுரப்பு இரைப்பை. இது சிறியது, மென்மையானது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் நொதியும் இங்குச் சுரக்கின்றன. இரண்டாம் பகுதியே அரைவைப்பை. இது இருபுறமும் சற்றுத் தட்டையான, உருண்டு திரண்ட, கருஞ்சிவப்பு நிற உறுப்பு. இதன் பக்கங்களில் வெள்ளியைப் போல் பளபளக்கும் தசைநாண் தகடு காணப்படும்.

அரைவைப்பையில் இரண்டு தடித்த தசைகளும் இரண்டு மெல்லிய தசைகளும் உள்ளன. இவை நம் விருப்பத்திற்கு இயங்கும் கைகால் தசைகளைப் போன்றவை அல்ல. தாமாக இயங்கும் மென்தசை வகையைச் சேர்ந்தவை. ஓயாமல் உழைப்பதால் இவற்றில் ஆக்சிசனைச் சேமிக்கும் மயோகுளோபின் மிகுதியாக உள்ளது. கோழியின் நெஞ்சுக்கறி வெளிறியும் அரைவைப்பை கருஞ்சிவப்பாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். மென்தசை ஏராளமாகக் கிடைப்பதால் உயிர்வேதியியல் ஆய்வகங்களும் கோழி அரைவைப்பையைப் பெரிதும் பயன்படுத்தியுள்ளன. தசை இயக்கத்தோடும் செல்களின் பிணைப்போடும் தொடர்புடைய கால்டெஸ்மான், வின்குலின் ஆகிய புரதங்கள் இவ்வுறுப்பிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டன.

உட்புறத்தில், மேடும் பள்ளமுமாக, தோல் போன்ற கடினமான படலம் ஒன்று உள்ளது. இதன் பெயர் கொய்லின். இது புரதமும் மாவுப்பொருளும் கலந்த பொருள். சுவரில் உள்ள சுரப்பிகளிலிருந்து நீர்மமாகக் கசிந்து, பின்னர் இறுகிக் கெட்டியாகிறது. மேற்புறம் தேயத் தேய அடியிலிருந்து புதிது உருவாகிக்கொண்டே இருக்கும். சிறுகுடலிலிருந்து பித்தநீர் பின்னோக்கி வருவதால் இப்படலம் மஞ்சள் அல்லது பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் காணப்படுகிறது. அரைபடும் கற்களிலிருந்தும் அமிலத்திலிருந்தும் தசையைக் காப்பது இப்படலமே.

செயல்படும் விதம்

அரைவைப்பையின் மெல்லிய தசைகளும் தடித்த தசைகளும் மாறிமாறிச் சுருங்குகின்றன. கோழியில் இச்சுருக்கம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 அல்லது 3 முறை நிகழ்கிறது. தடித்த தசைகள் சுருங்கும்போது உள்ளிருக்கும் உணவு அழுத்தப்படுவதோடு, ஒன்றின்மேல் ஒன்று தேய்க்கப்படவும் செய்கிறது. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும்போது மாவு அழுந்தியும் தேய்ந்தும் அரைபடுவதை இதற்கு ஒப்பிடலாம்.

உணவு ஒரே திசையில் மட்டும் செல்வதில்லை. அரைவைப்பையிலிருந்து சுரப்பு இரைப்பைக்குத் திரும்பிச் சென்று, மீண்டும் அமிலத்தில் நனைந்து வருவதுண்டு. முன்சிறுகுடலிலிருந்தும் உணவு பின்னோக்கி வருவதுண்டு. போதுமான அளவு நுண்ணிய துகள்கள் மட்டுமே அடுத்த கட்டத்திற்குச் செல்கின்றன. பெரிய துகள்கள் தங்கி மீண்டும் அரைபடுகின்றன. ஆகவே அரைவைப்பையை அரைக்கும் கல்லாகவும் சலிக்கும் சல்லடையாகவும் கொள்ளலாம்.

கற்களின் பங்கு

தானியம் உண்ணும் பறவைகள் சிறு கற்களையும் பரல் மணலையும் வேண்டுமென்றே கொத்தி விழுங்குகின்றன. இவை அரைவைப்பையில் தங்கிப் பற்களைப் போல் பயன்படுகின்றன. நாளடைவில் தேய்ந்து சிறுத்து மலத்துடன் வெளியேறுகின்றன. பின் பறவை புதிய கற்களைத் தேடிக்கொள்கிறது. தீக்கோழியின் வயிற்றில் உள்ள கற்களின் எடை அதன் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும்.

கோழி வளர்ப்போர் இங்கு ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். கருங்கல் பரல் அமிலத்தில் கரையாது. அது அரைப்பதற்கு உதவும். கிளிஞ்சல் தூள் அமிலத்தில் கரைந்துவிடும். அது முட்டை ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தைத் தரும். ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைக் கொடுக்க இயலாது. தூளாக அரைத்த தீவனம் மட்டும் உண்ணும் பண்ணைக் கோழிகளுக்குக் கற்கள் கட்டாயம் அல்ல. முழுத் தானியமும் புல்லும் மேயும் கோழிகளுக்கு அவை பயனுள்ளவை. அடைத்து வைத்து வளர்க்கும்போது முழுத் தானியம் கொடுத்தால், தாமே கற்களைத் தேட இயலாத கோழிகளுக்குப் பரல் வைக்க வேண்டும்.

ஆய்வு வரலாறு

செரித்தல் என்பது அரைத்தலா, ஊறிக் கரைதலா என்ற கேள்வி 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அறிஞர்களிடையே பெரும் விவாதமாக இருந்தது. அதற்கு விடை தேடியவர்கள் முதலில் நாடியது கோழியின் வயிற்றையே.

இத்தாலியின் புளோரன்சு நகரில் இயங்கிய சிமெண்டோ கழகத்தினர், உள்ளீடற்ற கண்ணாடி உருண்டைகளைக் கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் விழுங்கக் கொடுத்தனர். அவை வயிற்றில் நொறுங்கிப் பொடியாயின. இச்சோதனைகள் அக்கழகம் 1667இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்றன.

1752இல் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் மேலும் ஒரு படி சென்றார். உலோகக் குழாய்களில் உணவை வைத்துப் பறவைகளுக்குக் கொடுத்தார். தானியம் உண்ணும் பறவைகளின் வயிற்றில் குழாய்களே நசுங்கிப்போயின. ஆனால் பருந்தின் வயிற்றில் குழாய் நசுங்கவில்லை. உள்ளே இருந்த இறைச்சி மட்டும் கரைந்திருந்தது. அரைபடாமலேயே உணவு கரைகிறது என்பதால், செரித்தலில் வேதியியல் செயலும் உண்டு என்பது இதனால் புலப்பட்டது.

இத்தாலியரான இலாசரோ ஸ்பல்லன்சானி, ஊசிகள் பதித்த ஈயக் குண்டை வான்கோழிக்குக் கொடுத்துச் சோதித்தார். ஊசிகள் ஒடிந்து மழுங்கின. அரைவைப்பைக்குக் காயம் ஏதும் இல்லை. அவரது செரிமான ஆய்வுகள் 1780இல் நூலாக வெளிவந்தன. பல உயிரினங்களின் இரைப்பை நீரைக் கொண்டு உடலுக்கு வெளியிலேயே உணவைக் கரைத்துக் காட்டியவரும் அவரே.

உணவுக்கேற்ப மாறும் உறுப்பு

எல்லாப் பறவைகளுக்கும் அரைவைப்பை ஒரே அளவில் இருப்பதில்லை. தானியம், கடின விதை, ஓட்டுடன் கூடிய சிப்பி ஆகியவற்றை உண்பவற்றில் அது பெரிதாகவும் வலிமையாகவும் இருக்கும். இறைச்சி, மீன், தேன் ஆகியவற்றை உண்பவற்றில் சுவர் மெல்லியதாக இருக்கும். ஆந்தையின் அரைவைப்பை அரைப்பதைவிடப் பிரிப்பதையே முதன்மையாகச் செய்கிறது. செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகத் திரட்டி வாய் வழியே வெளியே தள்ளுகிறது.

ஒரே பறவையிலும் இவ்வுறுப்பு உணவுக்கேற்ப மாறும். 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் ஹன்டர் கடற்காகம் ஒன்றுக்குத் தானியம் கொடுத்து வளர்த்து, அதன் இரைப்பைச் சுவர் தடித்ததைக் கண்டார். இன்றைய கோழிகளிலும் இதைக் காணலாம். நுண்தூள் தீவனம் உண்ணும் கறிக்கோழியின் அரைவைப்பை சிறியதாகவும் மென்மையாகவும் இருக்கும். முழுத் தானியமும் நார்ப்பொருளும் உண்ணும் கோழியில் அது பெரிதாகவும் உறுதியாகவும் வளரும். மேய்ச்சலில் வளர்ந்த நாட்டுக்கோழியின் மாங்காய் வேக அதிக நேரம் எடுப்பதற்கு, கோழியின் வயதோடு அது உண்ட உணவும் காரணம்.

வலசைப் பறவைகளில் இம்மாற்றம் வியப்பூட்டுவது. அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு இடையில் எங்கும் இறங்காமல் 11,000 கி.மீ.க்கு மேல் பறக்கும் பட்டைவால் மூக்கன், புறப்படும் முன் உடலில் கொழுப்பைச் சேமித்துக்கொண்டு, அரைவைப்பை உள்ளிட்ட செரிமான உறுப்புகளைச் சுருக்கிக்கொள்கிறது. பயணத்தில் உணவு இல்லை என்பதால் அவ்வுறுப்புகள் அப்போது சுமையே. சென்று சேர்ந்தபின் அவை மீண்டும் வளர்கின்றன.

பிற உயிரினங்களில்

மண்புழுவுக்கும் பற்கள் இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலில் இடம்பெறும் லாம்பிட்டோ மாரிட்டி என்ற மண்புழுவில் ஆறாவது கண்டத்தில் அரைவைப்பை உள்ளது. மண்ணோடு சேர்த்து விழுங்கிய மக்கிய இலைகள் இங்கு அரைபடுகின்றன. கரப்பான்பூச்சியின் அரைவைப்பையில் கைட்டினால் ஆன ஆறு பற்கள் உள்ளன. கழிமுகங்களில் வாழும் மடவை மீனுக்கும் தடித்த சுவருடைய இரைப்பை உண்டு. சேற்றோடு விழுங்கிய நுண்பாசிகளை அது மணலின் உதவியால் அரைக்கிறது. முதலைகளும் கற்களை விழுங்குகின்றன.

சில தொன்மா விலங்குகளின் எலும்புக்கூடுகளுக்குள், வயிறு இருந்த இடத்தில், கற்குவியல் கிடைத்துள்ளது. கிளி போன்ற அலகுடைய சிட்டகோசாரசு அவற்றுள் ஒன்று. நீண்ட கழுத்துடைய பேருருவ சாரோபாடுகளும் இவ்வாறே கற்களால் அரைத்தன என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் தீக்கோழியோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தபின் அக்கருத்து வலுவிழந்தது. அவற்றின் உடல் எடையோடு ஒப்பிடக் கற்களின் எடை மிகமிகக் குறைவு என்பது அவ்வாய்வு காட்டிய காரணங்களுள் ஒன்று.

டோடோவும் தம்பலகோக் மரமும்

மொரீசியசு தீவில் வாழ்ந்து 17ஆம் நூற்றாண்டில் அற்றுப்போன டோடோ பறவையின் வயிற்றிலும் பெரிய கற்கள் இருந்தன. அத்தீவின் தம்பலகோக் மரத்தின் விதை மிகக் கடினமானது. அது டோடோவின் அரைவைப்பையில் தேய்ந்தால்தான் முளைக்கும், டோடோ அழிந்ததால் மரமும் அழிந்துவருகிறது என்று 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்பவர் எழுதினார். அவர் 17 விதைகளை வான்கோழிகளுக்குக் கொடுத்தார். 7 விதைகள் நசுங்கின. மீந்த 10இல் 3 முளைத்தன.

இக்கதை பாடநூல்கள் வரை பரவியது. ஆனால் தேய்க்கப்படாத விதைகளும் முளைப்பதும், டோடோ அழிந்தபின் தோன்றிய இளைய மரங்கள் இருப்பதும் பின்னர் சுட்டிக்காட்டப்பட்டன. தேய்க்கப்படாத விதைகளை உடன் வைத்து ஒப்பிடாமை அச்சோதனையின் குறை. மரத்தின் அருகலுக்குக் காடழிப்பும், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட விலங்குகளும் முதன்மைக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

ஈயமும் நெகிழியும்

எதையும் அரைக்கும் ஆற்றலே சில வேளைகளில் பறவைக்கு ஆபத்தாகிறது. வேட்டைக்காரர்கள் சுட்ட ஈயக் குண்டுமணிகள் சதுப்பு நிலங்களின் அடியில் படிந்துள்ளன. பரல் தேடும் வாத்துகளும் அன்னங்களும் அவற்றைக் கல்லென்று எண்ணி விழுங்குகின்றன. சாதாரண இரைப்பையில் உடனே கடந்து சென்றிருக்கக்கூடிய ஈயம், அரைவைப்பையில் தங்கிவிடுகிறது. கற்கள் அதைத் தேய்க்கின்றன, அமிலம் கரைக்கிறது, கரைந்த ஈயம் இரத்தத்தில் கலக்கிறது. நரம்பும் தசையும் செயலிழக்கின்றன. முடிவில் இரைப்பைத் தசையே இயங்காமல் நின்றுவிட, தொண்டைவரை உணவு நிறைந்திருந்தும் பறவை பட்டினியால் மெலிந்து இறக்கிறது. அதைத் தின்னும் கழுகுகளுக்கும் நஞ்சு பரவுகிறது.

இதனால் அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டுமணிகள் 1991 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டன. இங்கிலாந்தில் தூண்டிலில் கட்டும் சிறு ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் இறந்ததால், அவற்றின் விற்பனை 1987இல் தடை செய்யப்பட்டது. அதன்பின் அன்னங்களின் எண்ணிக்கை பெருகியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சதுப்பு நிலங்களில் ஈயக் குண்டுமணிகளுக்கான தடை 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

கடற்பறவைகளுக்கு இன்று நெகிழித் துண்டுகள் இதே வகையான கேடு விளைவிக்கின்றன. வடகடலில் வாழும் ஃபுல்மர் என்ற பறவை மிதக்கும் நெகிழியை உணவென்று விழுங்குகிறது. அவை அரைவைப்பையில் தங்கிச் சிறு துண்டுகளாக அரைபடுகின்றன. கரை ஒதுங்கும் இறந்த ஃபுல்மர்களின் வயிற்றைச் சோதித்தே அக்கடலின் நெகிழி மாசு அளவிடப்படுகிறது. 0.1 கிராமுக்கு மேல் நெகிழி உள்ள பறவைகள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அங்கு வகுக்கப்பட்ட இலக்கு.

வீட்டுக் கோழிக்கும் இவ்விதி பொருந்தும். கொல்லையில் சிதறிய ஆணி, கம்பித் துண்டு, ஊசி போன்றவற்றைக் கோழி விழுங்குவதுண்டு. ஸ்பல்லன்சானியின் வான்கோழி தப்பியது போல் எல்லாக் கோழிகளும் தப்புவதில்லை. கூரிய கம்பி தசைச்சுவரைத் துளைத்துவிடக்கூடும். கட்டுமான வேலை நடந்த இடத்தைக் கூட்டித் தூய்மை செய்தபின் கோழிகளை மேயவிடுவது நல்லது.

உணவாக அரைவைப்பை

தூய்மை செய்தல்

கடைகளில் பெரும்பாலும் தூய்மை செய்தே தருவர். முழுக்கோழியை வீட்டில் அறுக்கும்போது அரைவைப்பையை ஒரு பக்கமாகக் கீறி, உள்ளிருக்கும் தீவனத்தையும் கற்களையும் அகற்றி, நீரில் அலச வேண்டும். பின்னர் மஞ்சள் நிறப் படலத்தை ஓர் ஓரத்தில் நகத்தாலோ கத்தி முனையாலோ நெம்பி இழுத்தால் தோல் போல் உரிந்து வந்துவிடும். படலத்தைக் கிழிக்காமல் உரித்தால் மணல் தசையில் ஒட்டாது. வெளியே ஒட்டியுள்ள கொழுப்பை நீக்கி, உப்பும் மஞ்சள்தூளும் இட்டுப் பிசறிக் கழுவலாம். நீர் தெறிக்காமல் கழுவுவதும், பின்னர் கையையும் பலகையையும் சோப்பு இட்டுக் கழுவுவதும் தேவை. உணவுப்பாதையின் உறுப்பு என்பதால் கிருமிகள் இருக்க வாய்ப்பு மிகுதி.

சமைத்தல்

உழைத்த தசை என்பதால் இது எளிதில் வேகாது. சிறு துண்டுகளாக நறுக்கிக் குக்கரில் உப்பு, மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுதுடன் வேகவைத்துக்கொண்டு, பின்னர் நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் தாளித்து, மிளகுத்தூள் சேர்த்து நீர் வற்றும்வரை வறுப்பது தமிழ்நாட்டில் வழக்கம். ஈரலைச் சேர்ப்பதானால் கடைசியில் சேர்க்க வேண்டும். இல்லையேல் மாங்காய் வேகுமுன் ஈரல் கரைந்துவிடும்.

பிற நாடுகளில்

சப்பானில் மெல்லிய குச்சிகளில் கோத்து உப்பிட்டுத் தணலில் சுடுகின்றனர். அதன் நறுக்கென்ற கடிபதமே அங்கு விரும்பப்படுகிறது. பிரான்சின் தென்மேற்குப் பகுதியில் வாத்தின் அரைவைப்பையை அதன் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்துப் பச்சைக் கீரைகளுடன் உண்கின்றனர். தென்கொரியாவின் தேகு நகரில் பொரித்த அரைவைப்பைக்கென்றே ஒரு கடைத்தெரு உள்ளது. நைசீரியாவில் பொரித்த வாழைப்பழத்துடன் சேர்த்துச் செய்யும் கிஸ்டோடோ புகழ்பெற்றது. ஒரு கோழிக்கு ஒன்றே இருப்பதால், அங்குப் பல குடும்பங்களில் அதைக் குடும்பத் தலைவருக்கோ விருந்தினருக்கோ ஒதுக்கும் வழக்கம் உண்டு. நேபாளத்தில் பாங்ரா என்ற பெயரில் காரமாக வறுக்கின்றனர். சீன மரபு மருத்துவத்தில் இறைச்சியைவிட உரித்தெறியும் படலத்திற்கே மதிப்பு அதிகம். அதை உலர்த்திப் பொடித்துச் செரிமானக் கோளாறுகளுக்குக் கொடுப்பர்.

ஊட்டச்சத்து

சமைக்காத 100 கிராம் கோழி அரைவைப்பையில் ஏறத்தாழ 18 கிராம் புரதமும் 2 கிராம் கொழுப்பும் உள்ளன. ஆற்றல் 100 கிலோ கலோரிக்குச் சற்றுக் குறைவு. இரும்பு ஏறத்தாழ 2.5 மி.கி. உள்ளது. துத்தநாகம், பி12 வைட்டமின் ஆகியவையும் உண்டு. இறைச்சியிலுள்ள இரும்பு கீரையிலுள்ள இரும்பைவிட எளிதில் உடலில் சேரும். ஆதலால் குறைந்த விலையில் புரதமும் இரும்பும் தேவைப்படும் குடும்பங்களுக்கு இது நல்ல உணவு.

கொழுப்பு குறைவு என்றாலும் கொலஸ்டிரால் 100 கிராமில் ஏறத்தாழ 240 மி.கி. உள்ளது. யூரிக் அமிலத்தைப் பெருக்கும் பியூரின்களும் உள்ளுறுப்பு இறைச்சிகளில் மிகுதி. எனவே மூட்டுகளில் யூரிக் அமிலம் படியும் கீல்வாதம் உள்ளவர்களும், கொலஸ்டிராலுக்கு மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்டு அளவோடு உண்பது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

நல்ல அரைவைப்பை கருஞ்சிவப்பாக, அழுத்தினால் உறுதியாக, ஈரப்பளபளப்புடன் இருக்கும். பச்சை அல்லது சாம்பல் நிறம் படர்ந்தோ, வழவழப்பாகவோ, புளித்த நாற்றத்துடனோ இருந்தால் தவிர்க்க வேண்டும். வாங்கிய அன்றே சமைப்பது சிறந்தது; குளிர்பதனப் பெட்டியில் ஓரிரு நாட்களுக்கு மேல் வைக்கலாகாது. உள்ளே மஞ்சள் படலம் ஒட்டியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை, உரித்துவிட்டுச் சமைக்கலாம்.